போர்டு இல்லாத வளைவு

கண்ணு,

போன வாரம் இரண்டு படம் அனுப்பியிருந்தாய். கீழே ஒரு வரி: "எதுங்கம்மா நல்லாருக்குது?" அதற்கு முந்தைய வாரம் இரண்டு பட்டுப்புடவைகளின் படத்தை அனுப்பிக் கேட்டதும் இதே வரிதான். புடவைக்கு உடனே பதில் போட்டேன். அரக்கு. நிவேதாவுக்கும் அதுதான் பிடித்திருந்தது என்றாய். இந்த முறை புடவை இல்லை. இரண்டு டர்போ. ஒன்று உன் நண்பன் கார்த்தியுடையது. பெரியது. பால் பேரிங். உன் காரின் பழைய டர்போ நீலப்புகை கக்கிச் செத்த பிறகு, "ஓட்டிப் பாரு, புடிச்சா வெச்சுக்க, சல்லிசாத் தர்றேன்" என்று அவன் மாட்டிவிட்டது. இன்னொன்று புதியது. கம்பெனி மாட்டியதைவிட ஒரு படி பெரியது, கார்த்தியுடையதைவிடச் சிறியது. ஜர்னல் பேரிங். படத்தில் இரண்டுமே நத்தை மாதிரி சுருண்டு கிடக்கின்றன. எது நன்றாயிருக்கிறது என்று கேட்டால், கார்த்தியுடையதுதான். பளபளக்கிறது. எதை வாங்குவது என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லப்போவது அதைத்தான்.

போனில் சொல்ல முடியாது. நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்பாய். ஒருமுறை சரி என்றால் கேட்டாய் என்று அர்த்தம். இரண்டு முறை என்றால் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். திருமணம் முடிந்த கையோடு நிவேதாவை அதே காரில் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்து வரப்போகிறாய். அந்தப் போர்டு இல்லாத வளைவில் ஏறித்தான் வரவேண்டும். வேறு வழியாக வரலாம், குப்பனூர்ப் பக்கம் சுற்றி. நீ வரமாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அந்த வளைவுக்குப் பயந்து சுற்றி வந்ததாக ஆகிவிடும் என்று நினைப்பாய்.

அன்று அந்த வளைவில் நடந்ததை நாம் இருவரும் இதுவரை பேசவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியாது. நான் எழுதிவிடுகிறேன். நீ நினைவு வைத்திருப்பதும் நான் நினைவு வைத்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்.

மழை விட்டிருந்தது. அடிவாரத்தில் உன் காரில் ஏறிக்கொண்டேன். என் ஜீப் சேலத்தில் பிரேக் வேலைக்குக் கிடந்தது. முதல் சில வளைவுகளில் நீ சந்தோஷமாக இருந்தாய். நேர் ரோட்டில் கார் இழுத்தபோது என் முதுகு சீட்டோடு ஒட்டியது. "பாத்தீங்களா?" என்றாய். பார்த்தேன். வளைவுகளிலும் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு மூச்சு தயங்கியது. நீ மிதித்தாய். ஒன்றும் இல்லை. இன்னும் மிதித்தாய். பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். நீ சிரித்தாய்.

லாரி இடித்து, வளைவு எண் எழுதிய போர்டு போன அந்த வளைவு. மேலே பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. நம் மலையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்: ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி நிற்கும். பஸ் நின்றது. டிரைவர் கையை வெளியே நீட்டி, வாங்க என்று ஆட்டினார். நீ இரண்டாவது கியரில் உள்ளே திருப்பினாய். மிதித்தாய். வண்டி தயங்கியது. கிட்டத்தட்ட நின்றது. இங்கே ஏறுகிற வண்டி வளைவின் நடுவில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நான் வழி விடுகிறேன், நீங்கள் போங்கள். டிரைவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பஸ்ஸின் மூக்கு வளைவுக்குள் திரும்பியது. அப்போது உன் டர்போ விழித்துக்கொண்டது.

சில்வர் ஓக் இலைகள் நனைந்து ரோட்டில் ஒட்டியிருந்தன. முன் சக்கரம் இரண்டும் பிடிப்பில்லாமல் சுற்றின. ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியிருந்தும் கார் நேராகப் போனது. நான் ஏதோ கத்தினேன். "போ" என்றா "நில்லு" என்றா, இன்றுவரை நினைவில்லை. நீ காலை எடுத்து பிரேக்கை மிதித்தாய். நின்றோம். பானெட்டுக்கும் பஸ்ஸின் பம்பருக்கும் நடுவில் என் உள்ளங்கையைச் செருகலாம். அவ்வளவுதான் இடம்.

பஸ் டிரைவர் இறங்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்து எட்டிப் பார்த்தார். கோபம்கூட இல்லை அவர் குரலில்.

"ஏனுங்க தம்பி, ஏறுறீங்களா, நிக்கிறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லீருங்க."

"ஏறுறனுங்க."

"அப்பறம் ஏனுங்க நின்னீங்க? நீங்க நின்னதப் பாத்து, செரி, பெரிய மனசுக்காரரு, நமக்கு வழி உடறாருன்னு நெனச்சு எறக்குனனுங்க."

"நிக்கலீங்க. வண்டி கொஞ்சம் லேட்டா எடுக்குதுங்க."

"லேட்டா எடுக்கறதுக்கு நொம்ப செலவு பண்ணி வாங்குனீங்களாக்கும்?"

பின்னாலிருந்து ஓர் அம்மாள், மடியில் கொய்யாக்கூடையோடு, "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

"அடுத்த மாசமுங்க."

"அப்ப பாத்துப் போ சாமி. பந்திக்கு நாங்கல்லாம் வரோணுமல்லோ."

பஸ் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

மேலே டீக்கடை முன்னால் நிறுத்தினாய். கை சாவிக்குப் போனது. "ஆஃப் பண்ணாத. ஆறட்டும்" என்றேன். ஏறி வந்த டர்போ நெருப்பாகக் காய்ந்திருக்கும். எஞ்சினை உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். உள்ளே மிச்சமிருக்கிற ஆயில் கருகும். இது உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு எட்டிக் குதித்து இறங்கவேண்டும் போலிருந்தது. எனக்கும்தான். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நீ ஸ்டியரிங்கை விடவே இல்லை. டீக்கடைக்காரர் வந்து, "வண்டிய அமத்துங்க, டீசல் சும்மா போகுது" என்றார். "பெட்ரோலுங்க" என்றாய். அதுதான் அன்று நீ பேசிய கடைசி வார்த்தை. இல்லை, இன்னொன்று இருந்தது. கொட்டச்சேடு திரும்பும் இடத்தில். "அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா."

சொல்லவில்லை.

ஆனால் நிவேதா கேட்கிறாள். முந்தாநாள் போன் செய்தாள். புடவைக்கு ஜாக்கெட் அளவு பற்றிப் பேச ஆரம்பித்து, நடுவில், "ஏனுங்கத்தை, அன்னிக்கு மலையேறும்போது என்னங்க நடந்துச்சு? கேட்டாப் பேச்ச மாத்தறாருங்க" என்றாள். நான் ஜாக்கெட்டின் கைநீளத்தைப் பற்றிப் பேசினேன். நானும் பேச்சை மாற்றினேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். கெட்டிக்காரி. அவள்தான் உன் பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவள். நான் உட்கார்ந்திருந்த சீட்.

இனி டர்போவுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறவள் என்பதால் பாடம் நடத்துவேன் என்று பயப்படாதே. கொஞ்சம் நடத்துவேன்.

எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் டர்போ. பெரிய சக்கரத்தைச் சுற்ற நிறையப் புகை வேண்டும். நிறையப் புகைக்கு எஞ்சின் வேகமாகச் சுற்றவேண்டும். கார்த்தி ஓட்டுவது ரேஸ் டிராக்கில். அங்கே எஞ்சினின் வேகம் எப்போதும் மேலேயே இருக்கும். கீழே இறங்குவதே இல்லை. நம் மலையில் ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் தரைக்கு இறங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெரிய சக்கரத்தை முதலிலிருந்து எழுப்பவேண்டும். அது தூக்கத்திலிருந்து எழுவதற்குள் பஸ் வந்துவிடும்.

"பால் பேரிங்குங்கம்மா, லேக்கே இருக்காது" என்று கார்த்தி சொன்னதாகச் சொன்னாய். லேக் என்று அவன் சொல்வது அந்தத் தயக்கத்தைத்தான். பாதி உண்மை. ஒரே அளவில் இரண்டு டர்போவை வைத்தால் பால் பேரிங் கொஞ்சம் முந்தி எழும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் ஒரே அளவைத் தரவில்லை. பெரிய அளவால் வரும் தாமதத்தை பேரிங் சரிக்கட்டாது. நம் ரோட்டில், சின்ன ஜர்னல் பேரிங், பெரிய பால் பேரிங்குக்கு முன்னால் எழுந்துவிடும். நேர் ரோட்டில் கார்த்தியுடையது உன்னைத் தாண்டிப் போகும். போகட்டும். எந்த ரோட்டில் எந்த வேகத்தில் உன் எஞ்சின் அதிக நேரம் இருக்கிறதோ, அதற்கு டர்போ வாங்கு. விளம்பரத்தில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் வரைபடத்தின் உச்சியில் இருக்கிறது. நீ அங்கே வசிக்கவில்லை.

ஜர்னல் பேரிங்கை மட்டமாக நினைக்காதே. பால் பேரிங்கில் இருப்பதுபோல் அதில் உருண்டை எதுவும் இல்லை என்பதால் விலை குறைவு. தண்டு எதன் மேலும் உட்காருவதில்லை. ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய ஆயில். அது இருக்கும்வரை தேய்மானமே இல்லை. அது போனால் அந்த நொடியே போயிற்று. கெட்டுப்போனாலும் சேலத்திலேயே பேரிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கார்த்தியுடையது கெட்டால் நடுப்பாகத்தையே முழுதாகத் தூக்கிப்போடவேண்டும். என் ஜீப்பில் இருப்பதும் ஜர்னல் பேரிங்தான். உனக்கு அது கிழட்டு ஜீப். ஆனால் எந்த வளைவிலும் அது யாரையும் தவறாக நினைக்கவைத்ததில்லை.

அந்த ஜீப்பின் டர்போவை ஒரு முறை உன் அப்பா கொன்றார், நினைவிருக்கிறதா? நீ கல்லூரி விடுதியில் இருந்தாய் என்று நினைக்கிறேன். ஆயில் பைப் சேரும் இடத்தில் லேசாகக் கசிந்தது. அப்பாவிடம்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பேஸ்ட் உண்டே. தண்ணீர்த்தொட்டி, மிளகு காயவைக்கும் தகரம், என் செருப்பு. அதையே எடுத்து பைப்பின் வாயில் அப்பிவிட்டார். கசிவு நின்றது. "பாத்தியா அம்மிணி, ஒர்க்ஷாப்புக்கு எதுக்குப் போகோணும்?" என்றார். பெருமையாக ஒரு டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். அப்பிய பேஸ்டில் ஒரு துணுக்கு உள்ளே பிய்ந்து போய் ஆயில் ஓட்டையை அடைத்திருந்தது. மலையிறங்கி மறுபடி ஏறுகையில் விசில் சத்தம். பிறகு அரைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மெக்கானிக் அந்தத் துணுக்கை நகத்தில் ஒட்டிக் காட்டினார். அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ற பேஸ்ட் மாதிரி இல்லீங்களே" என்றார். "உங்க ஊட்டுத் தொட்டியில அப்பியிருக்கறதும் இதே கலர்தானுங்களே" என்றார் மெக்கானிக். இப்போதும் அப்பாவிடம் பேஸ்ட் இருக்கிறது. ஜீப் பக்கம் மட்டும் கொண்டுவருவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சரியான டர்போவை வாங்கியும் நீ அதைக் கொல்லமுடியும். அதற்கான ஏற்பாடு இப்போதே உன் காருக்குள் இருக்கிறது. கவனமாகப் படி. கார்த்தி தன் பால் பேரிங்குக்காக ஆயில் பைப்பின் வாயில் ஊசித்துளை போட்ட ஒரு சின்னத் துண்டை வைத்திருப்பான். பால் பேரிங்குக்குக் கொஞ்சம் ஆயில் போதும். அதிகமானால் கசியும். அதனால் வைப்பார்கள். ஜர்னல் பேரிங்குக்கு நிறைய ஆயில் வேண்டும். அந்தப் பைப்பை அப்படியே புது டர்போவில் மாட்டினால் பட்டினி போட்டுக் கொல்வதற்குச் சமம். அடிவாரம்வரை ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் தெரியும். பழைய பைப்பைக் கழற்றித் தூக்கிப் போடு. புது டர்போவின் தாளில் சொன்ன அளவுக்குப் புதுப் பைப். ஆயில் திரும்பி இறங்கும் குழாய் மடங்காமல், மேலேறாமல், நேராகக் கீழே போகட்டும். மாட்டியதும் உள்ளே கையால் ஆயில் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல். "தெரியுமுங்கம்மா, இதெல்லாம் கார்த்தி பாத்துக்குவான்" என்று சொல்லாதே. கார்த்தி பார்த்துக்கொண்டதைத்தான் அன்று பார்த்தோம்.

வாங்கும்போது தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாய். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதே. அது குறை இல்லை. ஆயில் வந்து நிரம்பவேண்டிய இடம் அது. முன்னும் பின்னும் நகர்ந்தால் மட்டும் வேண்டாம். சக்கரம் கூட்டில் எங்காவது உரசினாலும் வேண்டாம். விலை மிகமிகக் குறைவாக இருந்து, யார் செய்தது, பேலன்ஸ் பார்த்தார்களா என்று கேட்டால் கடைக்காரர் வேறெங்கோ பார்த்தால், எழுந்து வந்துவிடு. மாட்டிய பிறகு எஞ்சினின் கம்ப்யூட்டரைப் புது டர்போவுக்கு ஏற்றபடி மாற்றவேண்டும். அதைத் திருமணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதே. இன்சூரன்ஸ்காரர்களுக்கும் சொல்லிவிடு.

இன்னொன்று. இது டர்போ இல்லை. அன்று வளைவில் வண்டி தயங்கியபோது நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார்த்தாயா? இன்னும் மிதித்தாய். பதில் வரவில்லை என்றதும் கூட அழுத்தினாய். அப்போது காலை எடுத்து, கையை வெளியே நீட்டி, பஸ்ஸை முதலில் போகச் சொல்லியிருக்கலாம். ஒரு வழக்கத்தை மீறியதாக ஆகியிருக்கும். அவ்வளவுதான். நீ அப்படிச் செய்யவில்லை. கேட்டதற்கு பதில் இல்லாவிட்டால் உரக்கக் கேட்பது உன் அப்பாவிடமிருந்து வந்தது. பேசாமல் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது என்னிடமிருந்து. முதல் வளைவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, வண்டி இந்த ரோட்டுக்கானது இல்லை என்று. உன் சிரிப்பைப் பார்த்துச் சும்மா இருந்தேன். இனி இருக்கமாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

நிவேதாவிடம் நீயே சொல். டர்போ மாற்றுவதற்கு முன்னால் சொல். மாற்றியபின் சொன்னால் அது ஜெயித்த கதை ஆகிவிடும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் மறுபடி கேட்டால் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசவும் மாட்டேன். சும்மா இருப்பேன். அவளுக்கு அது போதும்.

காரை விற்றுவிடு என்று உன் அப்பா சொல்கிறார். நடந்தது தெரியாமலே சொல்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நேர் ரோட்டில் அது இழுத்தபோது என் முதுகு சீட்டில் ஒட்டியது என்று எழுதினேனே. எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் கோயிலுக்கு வரும் அன்று அடிவாரத்தில் நிறுத்தி எனக்கு ஒரு போன் செய். வீட்டில் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். நான் இருக்கமாட்டேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். போர்டு இல்லாத வளைவுக்கு மேலே, அன்று பஸ் நின்ற அதே இடத்தில் நிற்பேன். எந்த டர்போ வாங்கினாய் என்று அதற்கு முன்னால் என்னிடம் சொல்லவேண்டாம். நானும் கேட்கமாட்டேன். நான் கையை வெளியே நீட்டி ஆட்டுவேன். நீ ஏறி வருகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

தயங்கினாலும் நீ வழி விடுவதாக நான் நினைக்கமாட்டேன். நீ என்னைத் தாண்டி மேலே போகிறவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டேன்.

அம்மா